பதினேழாம் பாறையின் எண்

முப்பத்தொன்பது பாறைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. பதினேழாம் பாறை மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது.

கடல் ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அலைகளைக் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. அவள் மேசையோரத்து ஜன்னலைத் திறந்தால் வாகனம் நிறுத்தும் இடம்தான் தெரியும். கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் ஒரு சொட்டுக் கடல் கண்ணில் படாது. அலுவலகத்தில் அவளைக் கணக்குக்காரி என்றார்கள். வீட்டில் கணவன் அலைவாணி என்று கூப்பிட்டான். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவன் அவன்; வாயைத் திறந்தால் கேலிதான் வரும்.

கணக்கு கேட்பதற்கு எளிது. கரையோரத்தில் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாலாபக்கமும் முப்பத்தாறு கோடுகள் இழுக்க வேண்டும். கோடு தண்ணீர்மேல் ஓடி எங்கே நிலத்தைத் தொடுகிறதோ அங்கே நிற்கும். கோடு நீளமாக ஓடினால் அந்தப் பக்கம் காற்றுக்குத் தடையில்லை, பெரிய அலை எழும்பி வரும். சீக்கிரமே ஒரு தீவிலோ மணல்திட்டிலோ முட்டிக்கொண்டால் அலைக்கு அங்கே வேலையில்லை. பத்து வருடக் காற்றுப் பதிவையும் இதோடு சேர்த்துக் கணினியில் ஓட்டினால், ஒவ்வொரு புள்ளிக்கும் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் கிடைக்கும். குறைந்த எண் என்றால் குளம். பெரிய எண் என்றால் அலை அறைந்துகொண்டே இருக்கும் இடம்.

அந்த எண் தெரிந்தால் அங்கே யார் குடியிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். முரட்டு அலை அடிக்கும் பாறையில் பிடிப்புள்ளவர்கள்தான் தங்க முடியும்: கப்பலின் அடியில் சிமெண்ட் பொருக்குபோல் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, நாரால் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும் கல்லுமட்டி என்னும் சிப்பி. அமைதியான குடாவில் நீள இலைப் பாசியும் கடற்புல்லும் நத்தைகளும் சொகுசாக வாழும். இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது விளக்கியதற்கு, "உன் மட்டிக்கு இருக்கற பிடிப்பு என் பல்செட்டுக்கு இருந்தா நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன்" என்றான் கணவன்.

இந்த வருடம் முதல்முறையாக நாற்பது பாறைகளில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியல் வந்திருந்தது. அவளுடைய எண்களோடு வைத்துப் பார்த்தபோது முப்பத்தொன்பது பாறைகள் அச்சாகப் பொருந்தின. தெற்குக் குடாவிலிருந்த பதினேழில் மட்டும் அவள் வரைபடம் நான்கு என்றது, அதாவது குளம். பட்டியலோ ஒரு சதுர அடிக்கு இருநூறு கல்லுமட்டி என்றது.

குளத்துக்குள் கல்லுமட்டிக்கு என்ன வேலை? பாறையின் எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள்.

எண்ணியது மட்டி அக்கா. தரைத்தளத்தில் மாதிரிகள் வைக்கும் அறையைக் கவனித்துக்கொள்பவள். வழக்கமாகக் கரைக்குப் போகிறவருக்குக் கால் முறிந்துவிட்டதால், இந்த ஒரு தடவை மட்டும் நிலையம் அவளை அனுப்பியிருந்தது. அறை முழுக்க, மாதிரிகளை ஊறவைக்கும் சாராயத்தின் நெடி. சுவருக்குச் சுவர் கண்ணாடிப் புட்டிகள், உள்ளே வெளுத்துப்போன நண்டுகளும் சிப்பிகளும். சீட்டுகள் பறந்துவிடக் கூடாதென்று மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மூடாத குழாயிலிருந்து தொட்டியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, இந்தப் பதினேழு கொஞ்சம் இடிக்குது. வேற பாறையோட கணக்கு மாறி வந்திருக்குமோ?"

மட்டி அக்கா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "மாறல மேடம்."

"இல்ல, மேப்ல பார்த்தா அந்த இடம் ரொம்ப அமைதி. அங்க கல்லுமட்டி வரவே வாய்ப்பில்ல. அதான் கேட்டேன்."

"அப்ப எண்ணினதுல தப்புன்னே எழுதிக்கோங்க. எனக்குப் பழக்கம்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த புட்டியை எடுத்தாள் அக்கா. கணக்குக்காரிக்குச் சுருக்கென்றது. என்ன பழக்கம், ஏன் பழக்கம் என்று கேட்காமலே மாடிக்குத் திரும்பினாள். படியேறும்போதுதான் தோன்றியது: மட்டி என்றால் சிப்பி மட்டுமா? ஊரில் அசடுகளையும்தானே அப்படிச் சொல்கிறார்கள். எட்டு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளும் கூப்பிட்டிருக்கிறாள், எந்த அர்த்தத்தில் வந்த பெயரென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவன் ஒரே கேள்விதான் கேட்டான். "அந்தப் பாறையை நீ பார்த்திருக்கியா?"

"மேப்ல பார்த்திருக்கேன்."

"அவங்க?"

மறுநாள் அவள் கீழே போய், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தன்னையும் பதினேழுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

"படகுல போகணும். உங்களுக்கு ஒத்துக்குமா?" என்றாள் அக்கா.

"ஒத்துக்கும், ஒத்துக்கும்."

ஒத்துக்கொள்ளவில்லை. துறையை விட்டுக் கால்மணி நேரம் ஆவதற்குள் குடல் தொண்டைக்கு வந்துவிட்டது. மட்டி அக்கா இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி, பேருந்தில் போகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணை மூடாதீங்க மேடம். மூடினா இன்னும் புரட்டும். தூரத்துல கரையைப் பாருங்க."

"எட்டு வருஷமா அலைக்கு நம்பர் போடறேன் அக்கா. அலைக்கு அந்த நன்றியே இல்ல."

அக்காவின் உதடு ஒரு பக்கம் லேசாகக் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

பதினேழாம் பாறையில் கால் வைத்த மாத்திரத்தில் விஷயம் பாதி விளங்கிவிட்டது. வற்றிய கடலிலும் அலை வந்து பாறையை ஓங்கி அறைந்தது. முதல் அறையில் முழங்கால்வரை நனைந்தாள். இரண்டாவது அவள் வலது செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிடிக்கக் குனிந்தவளை அக்கா முழங்கையைப் பற்றி இழுத்து நிறுத்தினாள்.

"செருப்பு போனா போகட்டும். இங்க உக்காருங்க." ஓர் அடிக்கு ஓர் அடி கம்பிச் சட்டத்தைப் பாறைமேல் வைத்தாள். "எண்ணுங்க."

"நானா?"

"நான் எண்ணினாத்தான் தப்பு வருதே."

கணக்குக்காரி எண்ணினாள். கறுநீலமாக, விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன கல்லுமட்டிகள். நாற்பது வந்தபோது அலை அடித்து எண்ணிக்கை மறந்துபோனது. மறுபடி ஒன்றிலிருந்து. நூற்றுப்பத்தில் கண்ணில் உப்புத் தண்ணீர். மூன்றாம் தடவை, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இருநூற்றுப் பன்னிரண்டில் முடித்தாள். முதுகு ஒடிந்துவிட்டது. இதேபோல் நாற்பது பாறை, பாறைக்குப் பத்துச் சட்டம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி இதை எண்ணியிருக்கிறாள், நாம் குளிரூட்டிய அறையிலிருந்து இறங்கிப்போய் 'மாறி வந்திருக்குமோ' என்று கேட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது முகம் தானாகக் கவிழ்ந்தது.

"அக்கா, இங்க இவ்வளவு அலை வரவே கூடாதே. எதிர்ல நீளமா ஒரு மணல்திட்டு இருக்கணும். அதுதானே தடுக்கும்?"

மட்டி அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "திட்டா? அது போய் ஒன்பது வருஷமாச்சே. துறைமுகத்துக்குக் கப்பல் வர வழி ஆழமாக்கினப்ப மொத்தமா வாரி எடுத்துட்டாங்க. உங்க மேப்ல இன்னும் இருக்கா?"

வரைபடம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரைந்தது. ஒவ்வொரு முறையும் அதே கரையோரத்தைத்தான் கணினிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோடுகள் எல்லாம் இல்லாத திட்டில் போய் முட்டி நின்றிருக்கின்றன.

"திட்டு போனப்புறம்தான் புல்லு போச்சு," என்றாள் அக்கா, கடலைப் பார்த்துக்கொண்டே. "இந்தக் குடா அடியில மூணு மைதானம் அளவுக்குக் கடற்புல்லு இருந்துச்சு. நான் அப்ப முங்கி எண்ணுவேன். ஒரே வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு காணோம். வேரோட பிடுங்கி எறிஞ்சிருந்துச்சு. எழுதிக் கொடுத்தேன். நம்பல. புல்லை எண்ணத் தெரியாதவளைத் தண்ணிக்குள்ள அனுப்பறது ஆபத்துன்னு முங்கறவங்க பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. அன்னிலேர்ந்து இந்தப் புட்டி அறைதான்."

திரும்பி வரும்போது கணக்குக்காரி வருடங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில், கடற்புல் பற்றிய ஏதோ ஓர் அறிக்கை தன் மேசைக்கு வந்ததாக ஒரு மங்கலான நினைவு.

ஒற்றைச் செருப்போடு நேராகக் கோப்பறைக்குப் போனாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. பதினான்கு பக்க அறிக்கை, சின்னச் சின்ன எழுத்தில் அக்காவின் அட்டவணைகள், கையால் வரைந்த புல் வரைபடம். கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது.

'இக்குடாவின் அலைத்தாக்க எண் மிகக் குறைவு. ஓராண்டில் அது மாறவும் இல்லை. எனவே இத்தகைய அழிவு நிகழ வாய்ப்பில்லை. எண்ணியவரின் பிழை எனக் கொள்ளலாம்.'

கீழே அவளுடைய சுருக்கொப்பம்.

வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள் அது. "இதை ஒரு பார்வை பார்த்துச் சொல்லும்மா" என்று இயக்குநர் கொடுத்தார். தேநீர் இடைவேளைக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதியவர் யார் என்றுகூடப் பார்த்த ஞாபகமில்லை. தன் கணக்கு உடனே பயன்பட்டுவிட்டது என்று அன்று பெருமையாக இருந்தது மட்டும் நன்றாக நினைவுக்கு வந்தது.

மாடிக்குப் போய்ப் புதிய செயற்கைக்கோள் படத்திலிருந்து கரையோரத்தைத் திருத்தி வரைந்தாள். திட்டை அழித்தாள். கணக்கை ஓட்டினாள். நான்காக இருந்த பதினேழாம் பாறை அறுபத்தொன்றுக்கு ஏறியது. குடாவுக்குள் எண் எகிறிய இடங்களை மட்டும் சிவப்பாக்கி, அக்காவின் பழைய வரைபடத்தை மேலே வைத்தாள். புல் போனதாக அக்கா எழுதியிருந்த இடமும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கு, பாறை முனைக்குப் பின்னால், சிவப்பு எட்டாத மூலையில் இருந்தது. ஓர் ஆளுடைய கண்ணும் கையும் கடலடியில் இவ்வளவு துல்லியமாக எண்ணியிருக்கிறது!

அன்று மாலை கணவன் கேலி செய்யவில்லை. கையிலிருந்த பல்செட்டையும் மெழுகையும் ஓரமாக வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டான்.

"நானும் ஒருதடவை ஒரு பெரியவருக்கு அளவு தப்பா எடுத்துட்டேன்," என்றான். "ஈறு புண்ணாகி ஆறு மாசம் கஞ்சியே குடிச்சிருக்கார். தன் வாய்தான் சரியில்லன்னு நினைச்சுட்டிருந்தார் மனுஷன். அச்சை எடுத்துப் பார்த்தப்பத்தான் என் தப்புன்னு தெரிஞ்சுது."

"என்ன பண்ணினீங்க?"

"போய்ச் சொன்னேன். திட்டினார். சாதாரணத் திட்டு இல்ல. ஆனா அதுவரைக்கும் ரெண்டு நாளா எனக்கும் சோறு இறங்கல. திட்டு வாங்கிட்டு வந்துதான் சாப்பிட்டேன்."

மறுநாள் காலை முதலில் இயக்குநரிடம் போனாள். அவர் கெட்டவர் அல்ல. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறவர். துண்டுத்தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேப்பைத் திருத்திட்டே இல்ல? நல்லது. அதோட விடு. பழசை எதுக்குக் கிளறணும்? அப்ப நீ புதுசு. உன்னை யாரு குத்தம் சொல்லப் போறா?"

"அக்காவைச் சொன்னாங்களே சார்."

"பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தது நான். அதுவும் சேர்ந்துதான் வெளியில வரும்."

"நீங்களும் கூட வாங்க சார். ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ போ. நான் அப்புறம் பார்க்கறேன்."

தனியாகவே இறங்கினாள். படி இறங்கும்போது எப்படித் தொடங்குவது என்று நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அறைக்குள் போனதும் அத்தனையும் மறந்து, துண்டுத்தாளை அக்கா முன்னால் வைத்து, "இதை எழுதினது நான்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா படித்தாள். பிறகு சிவப்பு வரைபடத்தை இழுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு விரல் சிவப்பின் ஓரத்திலேயே ஊர்ந்து போய், பாறை முனைக்குப் பின்னாலிருந்த மூலையில் நின்றது.

"இங்க மட்டும் மிச்சம் இருந்துச்சு. ஆமா. இங்கதான்."

"நீங்க எண்ணினது ஒண்ணுகூடத் தப்பில்ல அக்கா. என் மேப்தான் பழசு. எழுதறதுக்கு முன்னாடி ஒருதடவை உங்களைக் கேட்டிருந்தா..."

"எட்டு வருஷமா இதை எழுதினது ஒரு தாடிக்கார ஆளுன்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள் அக்கா. "ஏன் தாடின்னு தெரியல. மனசுக்குள்ள அந்தத் தாடியை எத்தனை தடவை பிடிச்சு உலுக்கியிருக்கேன் தெரியுமா? இப்ப பார்த்தா நீங்க. உலுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

கணக்குக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண் மட்டும் தானாக நிறைந்தது.

"அழாதீங்க. நீங்க அழுதா நான் சமாதானம் சொல்லணும். அதுக்கு எனக்கு இன்னிக்குத் தெம்பில்ல." அக்கா வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினாள். "எனக்கு அம்பத்திமூணு வயசு. முங்க அனுமதி அம்பது வரைக்கும்தான். மேப்பைத் திருத்திடுவீங்க. அந்த வருஷத்தையெல்லாம் எங்க போய்த் திருத்துவீங்க?"

கணக்குக்காரி நின்றுகொண்டே இருந்தாள். "போய் வேலையைப் பாருங்க மேடம்" என்றாள் அக்கா. அவள் போனாள்.

திட்டு வாங்கினால் சோறு இறங்கும் என்று கணவன் சொன்னது அன்று பலிக்கவில்லை. சரியாகத் திட்டியிருந்தால் பலித்திருக்குமோ என்னவோ.

ஆனால் வேலை ஓயவில்லை. மாதக் கூட்டத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று, இரண்டு வரைபடங்களையும் திரையில் போட்டாள். பூசி மெழுகாமல் சொன்னாள்: பழைய அறிக்கை சரி, தவறென்று எழுதியது நான், என் வரைபடத்தில் இல்லாத மணல்திட்டு இருந்தது, அதைச் சரிபார்க்காமல் கடலுக்குள் இறங்கி எண்ணியவரைக் குற்றம் சொன்னேன். பின்வரிசையில் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் எதிர்பாராத விதமாக இயக்குநர் எழுந்தார். "பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தது என் முடிவு. அது தப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலையும்போது அக்காவிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். அக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த அறிக்கை எட்டு வருடம் கழித்து அக்காவின் பெயரோடு நிலையத்தின் வெளியீட்டில் வந்தது. வந்ததால் ஒரு காரியமும் நடந்தது. வடக்குக் குடாவின் எதிரே இருக்கும் திட்டையும் வாருவதாகத் துறைமுகத்தார் திட்டம் போட்டிருந்தார்கள். வாரினால் உள்ளேயிருக்கும் புல்லுக்கு என்ன ஆகும் என்று சொல்ல இப்போது கையில் கணக்கும் இருந்தது, நேரில் எண்ணிய சாட்சியும் இருந்தது. துறைமுகத்தார் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஆறு மாதம் தள்ளிவைத்து, அதற்குள் ஆய்வு முடிவைக் கொடுக்கச் சொன்னார்கள். புதிதாக முங்குகிறவர்கள் இரண்டு பேர். அவர்களை அனுப்பவும் அவர்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் மட்டி அக்காவை நியமித்தார் இயக்குநர். தண்ணீருக்குள் இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. படகில் உட்கார்ந்துகொண்டு, குமிழிகள் மேலே வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கக் கணக்குக்காரிக்குத் தைரியம் வருவதில்லை.

படகுப் பயணத்தை அவள் விடவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, தூரத்துக் கரையைப் பார்த்தபடி போய் வந்தாள். வெகுநாள்வரை அக்கா வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அலுவலகத்தில் யாராவது மட்டி என்று சொன்னால் அக்காவின் உண்மையான பெயரைச் சொல்லித் திருத்தினாள். அது அக்காவின் காதுக்கும் போனது.

"பேரை மாத்தாதீங்க," என்றாள் அக்கா ஒருநாள் படகில். "மட்டின்னா மட்டிதான். இருபது வருஷம் எண்ணியிருக்கேன். அதுகளுக்கு இல்லாத வெக்கம் எனக்கென்ன?"

வடக்குக் குடாவின் கணக்கு முடிந்த அன்று தரைத்தளத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"ஏம்மா, நம்பர் வந்துடுச்சா?"

மேடம் இல்லை, அம்மா. கணக்குக்காரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வந்துடுச்சு அக்கா. சொல்லட்டுமா?"

"சொல்லாதே. நாங்க போய் முதல்ல எண்ணிட்டு வரோம். நீ உன் நம்பரை மடிச்சு மேசைக்குள்ள பூட்டி வை. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். யாரு சொன்னதைக் கேட்டு யாரு எண்ணினாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

எண்ணி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலை, புட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெரிய மேசையில் இரண்டு தாள்களையும் விரித்தார்கள். முப்பது இடங்களில் இருபத்தெட்டு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை.

"இது உன் கணக்குல ஏதோ தப்பு," என்றாள் அக்கா.

"இல்லக்கா, இந்தத் தடவை படம் புதுசு. மூணு தடவை பார்த்துட்டேன். உங்க புது ஆளுங்க சரியா எண்ணலையோ?"

"என் ஆளுங்களைச் சொல்லாதே. பக்கத்துல உக்காந்து பார்த்தவ நான்."

"அப்ப காத்துல இருக்கலாம். அந்த மூலைக்குக் காத்துப் பதிவு கம்மி."

"காத்துன்னு சொல்லித் தப்பிக்காதே."

குரல் உயர்ந்தது. வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அரைமணி நேரம் வாதாடியும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அக்கா அலை வற்றும் நேரப் பட்டியலை எடுத்து விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வத்துது. வரியா?"

"வரேன்."

"கட்டுற செருப்பா பார்த்துப் போட்டுட்டு வா," என்றாள் அக்கா.